மீன் தொட்டி நீரில் குளிர்காலக் காய்கறி: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு வழிகாட்டி

மீன் வளரும் தொட்டியின் நீரைக் காய்கறிப் பாத்திக்குள் செலுத்தி, அங்கே வடிந்து தெளிந்த நீரை மீண்டும் தொட்டிக்கே திருப்பும் முறையை அக்வாபோனிக்ஸ் என்கிறோம். மீன் வெளியேற்றும் அமோனியாவைப் பாத்தியிலுள்ள ஜல்லியின் மேல் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; அந்த நைட்ரேட்டைச் செடி உணவாக எடுத்துக்கொள்ள, மீனுக்குச் சுத்தமான நீர் கிடைக்கிறது. கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை போன்றவற்றை இம்முறையில் வளர்ப்பவர்கள் சேலத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். ஆனால் முட்டைக்கோஸ், நூல்கோல், லெட்டூஸ் என்று குளிர்காலக் காய்கறிக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. செடி குளிர்ச்சியைக் கேட்கிறது. நுண்ணுயிர்களோ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீரில்தான் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. நாம் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். ஆகவே இலைக்குக் குளிர்ந்த காற்றும், மீனுக்கும் நுண்ணுயிருக்கும் ஓரளவு கதகதப்பான நீரும் ஒரே நேரத்தில் கிடைக்கும்படி அமைப்பைத் திட்டமிட வேண்டும். குளிர்காலச் சாகுபடியின் எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மார்கழி, தை மாத விடியற்காலையில் சேலத்தின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலில் 30 டிகிரியை எட்டும். ஏற்காட்டிலோ அதே விடியற்காலை 12, 13 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். சேலத்தில் செடிக்குப் போதிய குளிரைத் தேடுவதே பாடு. ஏற்காட்டில் நீர் அளவுக்கு மீறிக் குளிராமல் காப்பதே பாடு. இந்த வழிகாட்டி இரண்டு ஊர்களையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது; உங்கள் ஊருக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் மாதம்

குளிர் வந்த பிறகு அமைப்பைத் தொடங்கினால் அந்தப் பருவம் வீணாகிவிடும். புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற 25 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நீரிலேயே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிர்ந்த நீரில் இரண்டு மாதங்களுக்கு மேலும் இழுக்கும். எனவே ஆடி மாதத்தில் தொட்டியையும் பாத்தியையும் அமைத்து, ஆவணியில் நுண்ணுயிர்களை நிலைபெறச் செய்து, புரட்டாசியில் மீன்கள் நன்றாகத் தீனி எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், ஐப்பசியில் நாற்று நடும்போது நீரில் நைட்ரேட் தயாராக இருக்கும். ஏற்காட்டில் இந்தக் கணக்கை இன்னும் ஒரு மாதம் முன்னதாக, ஆனியிலேயே தொடங்குவது நல்லது. அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலத்திலேயே வெயில் குறைந்து நீர் குளிர்ந்துவிடுகிறது.

தொட்டியும் பாத்தியும்

ஒரு குடும்பத்துக்கு 1,000 லிட்டர் தொட்டியும் 2 சதுர மீட்டர் ஜல்லிப் பாத்தியும் போதும். இதைவிடச் சிறிய தொட்டியிலும் செய்யலாம் என்றாலும், நீரின் அளவு குறையக் குறைய அதன் வெப்பமும் தன்மையும் ஒரே நாளில் ஏறி இறங்கும்; 500 லிட்டருக்குக் கீழே போவதை நான் பரிந்துரைப்பதில்லை. மிதவைப் பலகையில் செடியை நட்டு வேரை நீரில் தொங்கவிடும் முறையும் உண்டு. அதற்குக் கசடு பிரிக்கும் தொட்டி தனியாக வேண்டும். கோஸ், நூல்கோல் போன்ற கனமான செடிகளும் அதில் நிமிர்ந்து நிற்பதில்லை. முதல்முறை செய்பவர்களுக்கு ஜல்லிப் பாத்தியே ஏற்றது.

பாத்தியின் ஆழம் 30 செ.மீ. இருக்க வேண்டும். மோட்டார் ஒரு மணி நேரத்தில் தொட்டியின் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை சுற்றிவிடும் திறனுடையதாக இருக்க வேண்டும். பாத்தி நீரால் நிரம்பி வடிந்து, மறுபடியும் நிரம்புவதற்கு, நிரம்பிய நீரைத் தானாகவே வடித்துவிடும் பெல் சைஃபன் என்ற குழாய் அமைப்பை வைக்கலாம். அல்லது 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்கும்படி டைமர் வைக்கலாம். குளிர்காலத்தில் இரவுக்கு வேறு, பகலுக்கு வேறு என்று ஓட்டத்தை மாற்ற வேண்டியிருப்பதால் டைமரே வசதியானது.

மாடியில் அமைப்பவர்கள் எடையைக் கட்டாயம் கணக்கிட வேண்டும். 1,000 லிட்டர் நீர் ஒரு டன். 2 சதுர மீட்டர் பாத்தியில் 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பும் ஜல்லி ஏறத்தாழ இன்னொரு டன். இந்த இரண்டு டன்னையும் தளத்தின் நடுவில் ஏற்றக் கூடாது. சுவரும் பீமும் தாங்கும் ஓரத்தில் வைக்க வேண்டும். அதற்கும் முன்பு கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். வீட்டின் பக்கவாட்டில் இடமிருந்தால் தொட்டியைத் தரையில் வைத்துக்கொள்வதே எல்லா வகையிலும் மேல்.

கல்லும் தண்ணீரும்

சேலத்தில் அக்வாபோனிக்ஸ் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாத்திக்குப் போடும் கல், நீரில் கரைந்து அதன் காரத்தன்மையை ஏற்றாததாக இருக்க வேண்டும். நம் பகுதிக் குவாரிகளிலிருந்து வரும் கறுப்பு, சாம்பல் நிற ஜல்லி இதற்குப் பொருத்தமானது. 12 முதல் 20 மி.மீ. அளவில் வாங்கி, கழுவும் நீர் தெளிவாக வடியும் வரை அலசிப் போடலாம். சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு கைப்பிடிக் கல்லை வினிகரில் போட்டுப் பார்ப்பது வழக்கம்; குமிழி வந்தால் அந்தக் கல் ஆகாது. சேலத்தில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். நகரின் வடக்கே உள்ள வெள்ளைக்கல் மலைகளில் வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட்டால் ஆனது. அது குளிர்ந்த, வீரியம் குறைந்த அமிலத்தில் குமிழ்விடாமல் சும்மா கிடக்கும். ஆனால் மாதக்கணக்கில் அமைப்பு நீரில் ஊறும்போது மெல்லக் கரைந்து காரத்தை ஏற்றும். ஆகவே தோட்ட அலங்காரத்துக்கென்று விற்கப்படும் வெள்ளைக் கற்களையும், ஜல்லிக் குவியலில் கலந்து வரும் வெண்மையான துண்டுகளையும் சோதித்துக்கொண்டிராமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சேலத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு 8 அல்லது அதற்கு மேலும் இருப்பது அரிதல்ல. அக்வாபோனிக்ஸுக்கு ஏற்ற பிஹெச் 6.8-லிருந்து 7.0 வரை. இதைவிட ஏறினால் இரும்பு, மாங்கனீசு போன்ற நுண்சத்துகளைச் செடியால் எடுக்க முடியாமல் இளந்தளிர் வெளுத்துப்போகும். மீனுக்கும் ஆபத்து கூடும்: 28 டிகிரி வெப்பமுள்ள நீரில் பிஹெச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, பிஹெச் 8 ஆக இருந்தால் அது ஆறேழு பங்காகிவிடுகிறது.

மூன்று வழிகளில் இதைச் சரிசெய்யலாம். முதலாவது, ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துச் சேமிப்பது. மாடியிலிருந்து வடியும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழைகளின் நீரை மூடிய தொட்டியில் சேர்த்துவைத்தால், கடினநீருடன் பாதிக்குப் பாதி கலந்து பருவம் முழுவதும் பயன்படுத்தலாம். இரண்டாவது, மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் காவிரித் தண்ணீரைப் பயன்படுத்துவது. இதில் குளோரின் இருக்கும். நுண்ணுயிர்களைக் கொல்வதற்கே குளோரின் கலக்கப்படுவதால், காற்றைச் சிறு குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு முழு நாள் காற்றோட்டத்தில் வைத்திருந்த பிறகே அமைப்பில் விட வேண்டும். மூன்றாவது, பொறுமையாக இருப்பது. நுண்ணுயிர்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும்போது சுமார் 7 கிராம் காரத்தன்மையை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) தாமே செலவழிக்கின்றன. புரதம் 32 விழுக்காடு உள்ள தீவனத்தை நாளொன்றுக்கு 100 கிராம் போட்டால், ஏறத்தாழ 20 கிராம் காரத்தன்மை அன்றாடம் குறைகிறது. மீன்கள் வளர்ந்து தீனி கூடக்கூட இரண்டு மூன்று மாதங்களில் பிஹெச் தானாகவே 7-ஐ நோக்கி இறங்கத் தொடங்கும். ஆடியிலேயே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அமிலம் ஊற்றி அவசரமாக இறக்குவதாக இருந்தால், மீன் தொட்டியில் ஊற்றாமல், நிரப்பப்போகும் நீரைத் தனி டிரம்மில் எடுத்து, பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு நாள் கழித்து அளந்து பார்த்த பின் விடுங்கள். எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் நுண்ணுயிர்களுக்கு ஊறு செய்பவை, அவை வேண்டாம்.

ஏற்காட்டில் கதை வேறு. மலை ஊற்று நீர் பொதுவாக மென்னீர். அதில் காரத்தன்மைக் கையிருப்பு மிகக் குறைவு. மேலே சொன்ன அதே கணக்குப்படி அந்தக் கையிருப்பு சில வாரங்களில் தீர்ந்து, பிஹெச் 6-க்கும் கீழே சரியும். அப்போது நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். இதைத் தடுக்க, கிளிஞ்சல்களைக் கழுவி, வலைப்பையில் கட்டி, பாத்தியிலிருந்து நீர் வடியும் இடத்தில் தொங்கவிட்டால் போதும். நீர் அமிலமாகும்போது மட்டும் அவை கரைந்து, சமன் செய்து, கோஸ் வகைகளுக்கு மிகவும் தேவையான சுண்ணாம்புச் சத்தையும் கொடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பொட்டாசியம் பைகார்பனேட்டை வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளி நீரில் கரைத்து, பாத்தியில் மெதுவாக ஊற்றுங்கள்.

நுண்ணுயிர்களை நிலைபெறச் செய்தல்

பி.ஹெச்., அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய நான்கையும் அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும்; அது இல்லாமல் தொடங்காதீர்கள். மீன் விடுவதற்கு முன்பு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை நீரில் போட்டு அழுகவிட்டால் அமோனியா உருவாகும். லிட்டருக்கு 2 மில்லிகிராமை எட்டியதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் பாத்தியிலிருந்து இரண்டு கைப்பிடி ஜல்லி வாங்கிவந்து உங்கள் பாத்தியில் புதைத்தால் வேலை விரைவாகும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் நாளில்தான் மீன் விட வேண்டும். நிலைபெற்ற பாத்தியின் ஜல்லியைக் கையில் அள்ளி முகர்ந்தால் முதல் மழைக்குப் பின் வரும் மண்வாசனை வீசும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் காற்றில்லாமல் கசடு தேங்கியிருக்கிறது என்று பொருள், வடிகுழாயைச் சரிபாருங்கள்.

எந்த மீன்?

சேலத்தில் ஜிலேபிக் கெண்டை, சாதாக் கெண்டை, ரோகு ஆகியவற்றில் எதையும் வளர்க்கலாம். ஜிலேபி கடினமான சூழலைத் தாங்கும். ஆனால் நீரின் வெப்பம் 17, 18 டிகிரிக்குக் கீழே போனால் தீனி எடுப்பதை நிறுத்திவிடும். 12 டிகிரிக்கும் கீழே செத்துப்போகும். ஆகவே ஏற்காட்டுக்கு அது உதவாது. அங்கே சாதாக் கெண்டையே நல்ல தெரிவு: குளிரைத் தாங்கும், 15 டிகிரியிலும் சிறிது தீனி எடுக்கும். மீன் உண்ணாத குடும்பத்தார் அதே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கோய் மீனையோ தங்க மீனையோ வளர்க்கலாம். செடிக்கு எல்லா மீனின் கழிவும் ஒன்றுதான். ஜிலேபியின் மேம்படுத்தப்பட்ட வகையான கிஃப்ட் திலாப்பியாவை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது, யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேட்டூர் அணையில் அரசு மீன் விதைப் பண்ணை இருப்பது நம் மாவட்டத்துக்குப் பெரிய வசதி. விரலளவுக் குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள்.

1,000 லிட்டருக்கு முழு வளர்ச்சியில் 10 கிலோ மீன் என்ற வரம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடல் எடையில் நூறில் ஒரு பங்கு என்று தீனி போட்டால் அது நாளுக்கு 100 கிராம். கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் அளவு. ஆகவே 100 கிராம் தீவனம் 2 சதுர மீட்டர் பாத்திக்குச் சரியாக இருக்கும். கோஸ், காலிஃபிளவர் போன்றவை இதைவிட அதிகம் கேட்பவை என்பதால் அவை பாத்தியில் பாதி இடத்துக்கு மேல் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை, எப்போது நடுவது

முதல் ஆண்டில் பாதிப் பாத்தியைக் கீரைகளுக்கே ஒதுக்குங்கள். பாலக்கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை ஆகிய மூன்றும் சேலத்திலும் ஐப்பசி பிற்பகுதியிலிருந்து மாசி வரை தடையின்றி வரும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, ஜல்லியின் மேல் ஓர் அங்குலத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு பரப்பி அதிலேயே விதைக்கலாம். 40 நாளில் கட்டுக் கட்டாய் பறிக்கலாம்.

லெட்டூஸ் விதையில் பலரும் தடுமாறுகிறார்கள். 28, 30 டிகிரிக்கு மேல் வெப்பமிருந்தால் அந்த விதை உறக்கத்துக்குப் போய்விடும். முளைப்பதற்கு வெளிச்சமும் வேண்டும் என்பதால் ஆழப் புதைக்கக் கூடாது. சேலத்தில் குழித்தட்டில் நார்க்கழிவின் மேலாகத் தூவி, வீட்டுக்குள் குளிர்ச்சியான, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து முளைக்கவிட்டு, இரண்டு இலை வந்ததும் மாடிக்குக் கொண்டுபோங்கள். கார்த்திகை நடவே சேலத்துக்குச் சரியான பருவம். பகல் வெயில் சுடும் நாட்களில் 35 விழுக்காடு நிழல்வலை கட்டினால் தண்டு நீளாமல், கசக்காமல் இருக்கும். ஏற்காட்டில் ஏறக்குறைய ஆண்டு முழுதும் லெட்டூஸ் வரும். மூடுபனி நாட்களில் மட்டும் வளர்ச்சி தேங்கும்.

ஜல்லிப் பாத்திக்கென்றே படைக்கப்பட்டதுபோல் வரும் காய் நூல்கோல். மூன்று நான்கு வார நாற்றை 20 செ.மீ. இடைவெளியில் நட்டால், முதல் மாதம் இலை மட்டுமே விடும். பிறகு ஜல்லிக்கு ஒரு விரற்கடை மேலே தண்டு சிறு எலுமிச்சையளவு திரண்டு, அடுத்த இரண்டு வாரத்தில் கைக்குள் அடங்கும் உருண்டையாகிவிடும். அந்த அளவிலேயே அறுத்துவிட வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் உள்ளே நார் ஓடிவிடும். அதன் இலையையும் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முள்ளங்கியை நேரடியாக விதைக்க வேண்டும். சேலத்துச் சமவெளிக்கு வெப்பம் தாங்கும் பூசா சேட்கி ஏற்றது. 45 நாளில் பிடுங்கலாம். ஏற்காட்டில் குளிரை விரும்பும் ஜப்பானிய வெள்ளை வகையைப் போடலாம். பெருஜல்லியில் கிழங்கு கோணிப்போகும் என்பதால், கிழங்கு வகைகளுக்கு ஒதுக்கும் மூலையில் மேல் 15 செ.மீ. மட்டும் பட்டாணியளவுச் சிறு ஜல்லி போடுங்கள். கேரட்டை இந்தப் பாத்தியில் முயல வேண்டாம். மணலும் நார்க்கழிவும் நிரப்பிய தனி டிரம்மில் விதைத்து, மீன் தொட்டி நீரை ஊற்றி வளர்ப்பதே பலன் தரும்.

முட்டைக்கோஸுக்கு 40 செ.மீ. இடைவெளி வேண்டும், நட்டு மூன்று மாதம் பாத்தியை அடைத்துக்கொள்ளும். காலிஃபிளவர் இன்னும் நுட்பமானது. குளிர் மிகுந்த இடத்துக்கான பின்பருவ வகைகளைச் சேலத்தில் நட்டால் இலை செழித்து வளரும், பூ கட்டவே கட்டாது. சமவெளிக்கான முன்பருவ வகை என்று கேட்டு விதை வாங்கி, பூ கட்டும் நாட்கள் மார்கழியிலும் தையிலும் விழும்படி ஐப்பசியில் நட வேண்டும். பூ முட்டையளவு தெரிந்ததும் அதன் இலைகளையே மேலே மடித்துக் கட்டிவிட்டால் வெயில் படாமல் வெள்ளையாக இருக்கும். பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் மலைக்கே உரியவை. அவை தமக்கான நைட்ரஜனில் ஒரு பகுதியைத் தாமே காற்றிலிருந்து சேர்த்துக்கொள்வதால், மீன் தீனி குறையும் ஏற்காட்டுக் குளிர் மாதங்களுக்கு மிகவும் பொருந்துகின்றன.

எந்த நாற்றையும் குழித்தட்டிலிருந்து எடுத்து அப்படியே ஜல்லியில் வைக்காமல், வேரைச் சுற்றியுள்ள நார்க்கழிவை ஒரு வாளி நீரில் மெதுவாக அலசிவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் அது கரைந்து மோட்டாரை அடைக்கும்.

மழையும் குளிர் இரவும்

வடகிழக்குப் பருவமழையில் திறந்த பாத்திக்குள் மழை கொட்டினால் தொட்டி வழிந்து, சத்து நீர் வெளியேறுவதோடு குஞ்சு மீனும் போய்விடும். பாத்திக்கு மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை ஒன்று சாய்வாக இருக்கட்டும். அதில் வடியும் மழைநீரைத்தான் முன்பு சொன்ன சேமிப்புத் தொட்டிக்கு விட வேண்டும்.

பாத்தியில் ஏறி இறங்கும்போது நீர் காற்றின் வெப்பநிலைக்கே வருகிறது. ஈர ஜல்லி இரவில் குளிர்விக்கும் கருவியாகவே வேலை செய்கிறது. இந்த இயல்பைச் சேலத்தில் ஒருவிதமாகவும் ஏற்காட்டில் அதற்கு எதிராகவும் பயன்படுத்த வேண்டும். சேலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நண்பகல் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் வேர் பழுப்பேறி வாடும். அப்போது இரவு முழுவதும் மோட்டாரை வழக்கம்போல் ஓடவிட்டு, உச்சிவெயில் நேரத்தில் ஓட்டத்தைக் குறைத்து, தொட்டியின் மேல் நிழல் கட்டினால் நீர் சில டிகிரி தணியும். ஏற்காட்டிலோ மார்கழியில் இரவு எட்டு மணிக்குமேல் மோட்டாரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் ஓடும்படி டைமரை மாற்றி, காலை வெயில் ஏறிய பிறகு முழு ஓட்டத்துக்குத் திருப்ப வேண்டும். ஜல்லியின் ஈரம் நுண்ணுயிர்களைக் காக்கும். தொட்டியைப் பாதியளவு மண்ணில் இறக்கி, வெளிப்புறம் தெர்மாகோல் தகடு சுற்றி, மேலே மூடி போட்டால், நீரின் வெப்பம் காற்றோடு சேர்ந்து இறங்காது. மின் ஹீட்டரை நான் பரிந்துரைக்கவில்லை. 1,000 லிட்டரைச் சூடாக வைத்திருக்க ஆகும் மின்செலவுக்குக் கடையில் அதைவிட அதிகக் காய் வாங்கலாம். குளிர் தாங்கும் மீனே சரியான தீர்வு.

மோட்டாரை நிறுத்தினாலும் ஏர் பம்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே வெப்பத்தில் சமவெளி நீர் கொள்வதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே ஏற்காட்டு நீர் கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல, மூச்சுத்திணறல்; தீனி போடாமல் காற்றைக் கூட்டுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று மின்தடைக்காகத் தயாராக இருப்பது இரண்டு ஊருக்கும் கட்டாயம்.

தீனியை வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே போடுங்கள். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மிஞ்சியதை வலையால் அள்ளிவிட வேண்டும். காலை நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் தீனியைப் பாதியாக்குங்கள். 15-க்குக் கீழே இருந்தால் அன்று நிறுத்திவிடுங்கள். நுண்ணுயிர்கள் மந்தமாகியிருக்கும் நாளில் வழக்கமான தீனியைப் போடுவதே மார்கழியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. அந்த நாட்களில் வாரம் இருமுறையாவது அமோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து, எது லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொட்டாலும், தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை அதே வெப்பமுள்ள புதுநீரால் மாற்றிவிடுங்கள்.

சத்தும் பூச்சியும்

மீன் தீவனத்தில் செடிக்குப் போதாத சத்துகள் மூன்று: இரும்பு, பொட்டாசியம், சுண்ணாம்பு. தளிர் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. டிடிபிஏ வகை இரும்புச் செலேட்டை (நீரில் படியாமல் கரைந்தே நிற்கும் இரும்பு உரம்) லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும் கணக்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடலாம். பிஹெச் 7.5-ஐத் தாண்டிய நீரில் அது பயன்படாது. இடிடிஹெச்ஏ வகை வேண்டும். லெட்டூஸின் உள் இலை நுனி கருகினால் சுண்ணாம்புக் குறை. மெக்னீசியம் மிகுந்த போர் தண்ணீரில் செடி சுண்ணாம்புச் சத்தை எடுப்பதும் தடைப்படும் என்பதால், வெள்ளைக்கல் மலைப் பக்கத்தில் இருப்பவர்கள் மழைநீர் கலப்பை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லி எதுவும் இங்கே செல்லாது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்கூட நீரில் இறங்கினால் மீனுக்குத் தீங்கு. கோஸ் இலையைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். அது மீனைப் பாதிக்காது. பாத்திக்கு அருகே தொட்டிகளில் கடுகு விதைத்துவைத்தால் அந்தப் பூச்சி முதலில் கடுகையே தேடிப்போகும். அசுவினியைத் தினமும் காலையில் வேகமான நீரால் அடித்துத் தள்ளி, தாக்குதல் முற்றிய இலையை உடனே ஒடித்து எறிந்தால் பரவாது. ஏற்காட்டில் நத்தையைக் கையால் பொறுக்குவது தவிர வேறு வழியில்லை. மாலை மங்கிய பிறகு டார்ச் எடுத்துப் போங்கள்.

அறுவடை முடிந்த கோஸ், நூல்கோல் அடிக்கட்டைகளை ஜல்லியிலேயே விடாமல், மோட்டாரை நிறுத்திவிட்டு அசைத்து அசைத்துப் பிடுங்கிவிட வேண்டும். அவை அழுகினால் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காலியான இடத்தில் அன்றைக்கே அடுத்த நாற்றை வைத்துவிடுங்கள். மாசி பிறந்து வெயில் ஏறும்போது மீன்களின் தீனி மறுபடியும் கூடும். நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளச் செடி இல்லாவிட்டால் அது நீரில் தேங்கும். எனவே குளிர்காலப் பயிர் நிற்கும்போதே தை மாதத்தில் கத்தரி, தக்காளி, தண்டுக்கீரை நாற்றுகளைக் குழித்தட்டில் விட்டுவைத்து, ஒவ்வொரு கோஸும் வெளியேறும் இடத்தில் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே வாருங்கள்.